அசையாத போல்ட்டும் ஆத்தூர்ப் பள்ளத்தாக்கும்

டீசல் பம்பு மாற்ற ஒரு மணி நேரம் போதும் என்று சொல்லி வண்டியை விட்டுவிட்டுப் போகச் சொல்வார்கள். சாயங்காலம் போய்ப் பார்த்தால் பழைய பம்பு இன்னும் எஞ்சினிலேயே இருக்கும். பட்டறைக்காரர் சொன்னது பொய்யில்லை. பம்பை மாற்ற ஒரு மணி நேரம்தான். அதைப் பிடித்துக்கொண்டிருப்பவற்றை விடுவிக்க எவ்வளவு நேரமாகும் என்பதை மட்டும் யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது.

கள்ளக்குறிச்சிப் பக்கம் இந்தத் தொல்லை கொஞ்சம் கூடுதல். கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணைப் பக்கமாக ஏறினால் கல்வராயன் மலை. சின்னக் கல்வராயன் சுமார் 2,700 அடி உயரம், பெரிய கல்வராயன் 4,000 அடி வாக்கில். வெள்ளிமலைக்கும் சுற்றியுள்ள மலையாளிப் பழங்குடிகளின் ஊர்களுக்கும் ஏறி இறங்கும் வண்டிகளில் வயதான டீசல் ஜீப்புகளும் உண்டு. மேலே மழையும் பனியும், கீழே சமவெளி வெயில், இடையில் புழுதி. இந்த மூன்றிலும் பத்து வருடம் ஓடிய வண்டியின் அடியில் குனிந்து பார்த்தால், எது போல்ட்டின் தலை, எது மண் கட்டி என்று பிரித்தறியவே கம்பி பிரஷ் வேண்டும்.

"வரமாட்டேங்குதுண்ணா."

"எதுல பிடிச்சிருக்கு?"

"தெரியலைண்ணா. நல்லா இறுகிக் கிடக்கு."

"அது தெரியாம பைப்பைப் போட்டு நெம்பாத. உடைச்சிடுவ."

இந்தப் பேச்சை எந்தப் பட்டறையிலும் கேட்கலாம். மூத்த மெக்கானிக்கின் கேள்விதான் சரியான கேள்வி. பிடித்திருப்பது துருவாக இருக்கலாம், உராய்வாக இருக்கலாம், மெல்லிய எண்ணெய்ப் படலமாக இருக்கலாம். சில சமயம் எதுவுமே பிடித்திருக்காது, எஞ்சின் நிற்கும் நிலைதான் தப்பாக இருக்கும். ஒவ்வொன்றையும் விடுவிக்கும் வழி வேறு. பலம் மட்டும் எல்லாவற்றுக்கும் பொதுவான மருந்து போலத் தோன்றும். பட்டறைகளில் முறிந்து கிடக்கும் போல்ட்டுகளில் பெரும்பாலானவை அப்படித் தோன்றியதால் முறிந்தவை என்பது என் எண்ணம்.

எவ்வளவு பலம் கொடுத்தால் முறியும்? பம்பை எஞ்சினோடு கட்டும் போல்ட் பெரும்பாலும் 8 மில்லிமீட்டர் தடிமன். தலையில் 8.8 என்று பொறித்திருந்தால், சதுர மில்லிமீட்டருக்கு 800 நியூட்டன் இழுவை தாங்கும் எஃகு என்று பொருள். அந்தச் சின்ன போல்ட்டை நேராக இழுத்து அறுக்க ஏறத்தாழ மூன்று டன் வேண்டும். திருகி அறுப்பது அவ்வளவு கடினமில்லை. கால் மீட்டர் நீள ஸ்பானரின் முனையில் பத்து கிலோ எடை தொங்குகிற அளவுக்கு அழுத்தினால் கிடைப்பது சுமார் 25 நியூட்டன் மீட்டர் முறுக்கு. அந்த போல்ட்டை ஒழுங்காக இறுக்க அது போதும். 33 நியூட்டன் மீட்டரைத் தாண்டினால் முறியும் அபாயம் தொடங்குகிறது. அதாவது, சரியாக இறுக்குவதற்கும் முறித்துப்போடுவதற்கும் நடுவில் இருப்பது கை அழுத்தத்தில் மூன்று நான்கு கிலோதான். மூன்று டன் தாங்கும் பொருளைப் பள்ளிக்கூடப் பையன் முறித்துவிடலாம்.

இறுக்கும்போது நாம் கொடுக்கும் முறுக்கு எங்கே போகிறது என்பது இன்னும் வியப்பானது. ஏறத்தாழ பாதி, போல்ட் தலைக்கும் அது உட்காரும் பரப்புக்கும் இடையிலான உராய்வில் போய்விடும். நாற்பது சதவீதம் மரையின் உராய்வில் போகும். மிச்சம் பத்து சதவீதம்தான் போல்ட்டை நீட்டி, பம்பை எஞ்சினோடு அழுத்திப் பிடிக்கிறது. உராய்வுக்கு இவ்வளவு பெரிய பங்கு இருப்பதால்தான் போல்ட் தானாகக் கழன்று விழாமல் நிற்கிறது. அதே காரணத்தால் உராய்வு கொஞ்சம் கூடினாலும் கழற்றத் தேவையான முறுக்கு முறியும் எல்லையைத் தொட்டுவிடுகிறது.

அந்த உராய்வைக் கூட்டுவதில் முதல் ஆள் துரு. இரும்பு துருவாகும்போது பருக்கிறது. எந்த வகைத் துரு என்பதைப் பொறுத்து, அது பிறந்த இரும்பைவிட இரண்டிலிருந்து ஆறு மடங்கு வரை இடம் கேட்கும். வெட்டவெளியில் அது உதிர்ந்து போகும். மரைக்குள் உதிர இடமில்லை. இரண்டு பக்கமும் எஃகு, நடுவில் மில்லிமீட்டரில் சிறு பின்னம் அளவு இடுக்கு. அங்கே வளரும் துரு இரண்டு பக்கத்தையும் நெட்டித் தள்ளுகிறது. கான்கிரீட் தூணில் கம்பி துருப்பிடித்து வெளிப்பூச்சைப் பிளந்து எறிவதும் இந்த நெட்டல்தான்.

இதற்கு நம் பட்டறைகளின் முதல் மருந்து மண்ணெண்ணெய், இல்லாவிட்டால் டீசல். வசதியுள்ள இடத்தில் டபிள்யூடி-40 டப்பா. அமெரிக்காவின் சான் டியாகோவில் ஒரு சின்ன கம்பெனி, 1953-ல் அட்லஸ் ஏவுகணையின் மேல்தோல் துருப்பிடிக்காமலிருக்க உருவாக்கிய கலவை அது. பெயரிலுள்ள 40 என்பது நாற்பதாவது முயற்சியில் கலவை சரியாக வந்ததைக் குறிக்கிறது.

எண்ணெயை ஊற்றியதும் ஸ்பானரைப் போடக் கூடாது என்பது தெரிந்த விஷயம். ஏன் கூடாது என்பதில் அழகான கணக்கு ஒன்று இருக்கிறது. இடுக்கு குறுகக் குறுக, நுண்துளை ஈர்ப்பு கூடுகிறது. மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கு இடுக்கில் மண்ணெண்ணெய் தன்னால் ஓரடிக்கு மேல் செங்குத்தாக ஏறும் வலிமை பெறுகிறது. அதனால் அது மரைக்குள் போகுமா என்ற சந்தேகம் வேண்டாம், நிச்சயம் போகும். ஆனால் எவ்வளவு வேகத்தில்? எட்வர்டு வாஷ்பர்ன் 1921-ல் எழுதிய சமன்பாட்டின்படி, நுழைந்த ஆழம் நேரத்தின் வர்க்கமூலத்துக்கு ஏற்ப வளரும். இரண்டு மடங்கு ஆழம் போக நான்கு மடங்கு நேரம். மூன்று மடங்குக்கு ஒன்பது. முதல் மரைக்கு ஐந்து நிமிடம் என்றால் பத்தாவது மரைக்கு எட்டு மணி நேரத்துக்கு மேல். ராத்திரி ஊற்றிவிட்டுக் காலையில் வந்து கழற்றும் பழக்கத்துக்கு இதைவிட நல்ல சாட்சி தேவையில்லை. நடுநடுவே போல்ட் தலையில் சுத்தியலால் லேசாகத் தட்டுவதும் சடங்கு கிடையாது. துரு கண்ணாடி போல நொறுங்கும் பொருள். அதிர்ச்சியில் அதில் விழும் விரிசல்கள் எண்ணெய்க்குப் புது வழி திறக்கின்றன. கழற்றும் திசைக்கு முன்னால் இறுக்கும் திசையில் ஒரு மயிரிழை அசைத்துப் பார்ப்பதும் அந்த ஒட்டை உடைக்கத்தான்.

இப்படி ஊறிய போல்ட் கடைசியில் விடும்போது மெதுவாக விடாது. ஸ்பானர் லேசாக வளையும், போல்ட்டின் தண்டு முறுக்கேறும், ஒன்றும் நடக்காது, ஒன்றும் நடக்காது, பிறகு "டக்". கை போய் எதிரே இருக்கும் ரேடியேட்டரில் மோதும். மெக்கானிக்குகளின் விரல் முட்டிகளில் உள்ள தழும்புகளில் பாதி இந்த "டக்" கொடுத்தவை.

அந்த ஒலிக்குள் இருக்கும் சங்கதி பெரியது. அசையாமல் நிற்கும் பொருளின் உராய்வு, அசையும் பொருளின் உராய்வைவிடக் கூடுதல். முறுக்கில் சேமித்து வைத்த விசை முதல் உராய்வை வென்ற நொடியில், எதிர்ப்பு சட்டெனக் குறைந்து, சேமிப்பு முழுவதும் ஒரே வீச்சில் வெளிப்படுகிறது. பூமிக்குள்ளும் இதுதான் நடக்கிறது என்று பிரேஸ், பையர்லி என்ற இரு அறிவியலாளர்கள் 1966-ல் சொன்னார்கள். பாறைத் தட்டுகள் பிளவின் இரு பக்கமும் உராய்ந்து நிற்கும். பல்லாண்டு விசையைச் சேமிக்கும். ஒரு நாள் வழுக்கும். அதுவே நிலநடுக்கம்.

இன்னொன்றும் உண்டு. இரண்டு பரப்புகள் எவ்வளவு நேரம் தொட்டபடி நிற்கின்றனவோ அவ்வளவுக்குப் பிடிப்பு கூடும். பதினெட்டாம் நூற்றாண்டிலேயே பிரெஞ்சுப் பொறியாளர் கூலும் இதைக் கவனித்துவிட்டார். எவ்வளவு வழவழப்பாகத் தெரிந்தாலும் பரப்புகள் உண்மையில் சில மேடுகளின் நுனியில்தான் தொடுகின்றன. அழுத்தத்தில் அந்த நுனிகள் மெல்ல மெல்லச் சப்பையாகி, தொடும் இடம் விரிகிறது. 1970-களில் ஜேம்ஸ் டீட்டரிக் பாறைகளை வைத்துச் செய்த சோதனைகளில் கண்டது, இந்த வளர்ச்சி மடக்கைக் கணக்கில் நடக்கிறது என்பது. ஒரு நொடியிலிருந்து பத்து நொடிக்குள் எவ்வளவு பிடிப்பு கூடுமோ, ஒரு வருடத்திலிருந்து பத்து வருடத்துக்குள்ளும் அவ்வளவுதான் கூடும். நிலநடுக்க ஆய்வின் அடிப்படைச் சமன்பாடுகள் இதிலிருந்து பிறந்தவை. போல்ட்டைப் பொறுத்தவரை துருவுக்கு முன் இதன் பங்கு சிறிது. ஆனாலும், துருவே இல்லாத போல்ட் ஏன் முதல் அசைவுக்கு மட்டும் அடம்பிடிக்கிறது என்ற கேள்விக்கு விடையின் ஒரு பகுதி இங்கே இருக்கிறது.

கள்ளக்குறிச்சியிலிருந்து சின்னசேலம், ஆத்தூர் வழியாகச் சேலம் போகிறவர்கள் வலப்பக்கம் கல்வராயனைப் பார்த்தபடி போவார்கள். அந்த ஆத்தூர்ப் பள்ளத்தாக்கை ஒட்டிய பகுதியை நிலவியலாளர்கள் சேலம்–ஆத்தூர் பெயர்வு மண்டலம் என்கிறார்கள். இந்தப் பகுதியின் பாறைகளில் பல சுமார் 250 கோடி ஆண்டுப் பழமையானவை. ஒரு காலத்தில் இரண்டு நிலத் துண்டங்கள் இங்கே ஒன்றையொன்று உராய்ந்து நகர்ந்திருக்கின்றன. ஆனால் அது நடந்தது பூமிக்குள் வெகு ஆழத்தில், கடும் சூட்டில். அங்கே பாறை டக்கென்று வழுக்காமல் குழைந்து இழுபட்டது. அந்த இழுப்பின் கோடுகள் இன்றும் பாறையில் தெரிகின்றன. குளிரில் பிடித்துவைத்து முறியும் பொருள், சூட்டில் நெகிழ்ந்து கொடுக்கும்.

போல்ட்டுக்கும் சூடு காட்டுவார்கள், ஆனால் காரணம் குழைதல் இல்லை, விரிதல். பம்பின் உடல் அலுமினியம், அதற்குள் நிற்பது எஃகு என்றால் சூடு நல்ல ஆயுதம். ஒரே அளவு சூட்டில் அலுமினியம் எஃகைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். 20 மில்லிமீட்டர் துளையில் கொதிக்கிற தண்ணீரை ஊற்றினால், இரண்டுக்கும் நடுவில் 0.015 மில்லிமீட்டர் இடைவெளி பிறக்கும். தலைமுடியின் தடிமனில் ஐந்தில் ஒரு பங்கு. அது போதும், வந்துவிடும். வெந்நீரைச் சொன்னதற்குக் காரணம் உண்டு: எரிபொருள் கசியும் இடத்தில் கேஸ் டார்ச்சைக் கொண்டுபோகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு கலங்குகிறது. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு தவழ்ந்து போய், காற்றில் ஒன்றரை சதவீதம் கலந்தாலே தீப்பிடிக்கத் தயாராகிவிடும்.

இனி, டீசல் பம்பு மாற்றும் வேலையின் உண்மையான வில்லன். போல்ட்டுகள் எல்லாம் கழன்ற பிறகும் பல பழைய டீசல் எஞ்சின்களில் பம்பு வராது. அதன் தண்டின் முனை கூம்பாகச் சரிந்திருக்கும். அந்தக் கூம்பின்மேல் பல்சக்கரம் ஏறி உட்கார்ந்திருக்கும். நட்டைக் கழற்றினாலும் சக்கரம் அசையாது. பற்றவைக்கவில்லை, ஒட்டவில்லை, பெரும்பாலும் துருவும் கிடையாது, எண்ணெயிலேயே ஊறிய பாகம். ஆனாலும் பிடி இரும்புப் பிடி.

சமையலறையில் ஒரு எவர்சில்வர் டம்ளருக்குள் இன்னொன்று சிக்கிக்கொள்வது இந்தப் பிடிதான். சரிவு மிகவும் மெலிதாக இருந்தால், உள்ளே தள்ளிய விசை நின்ற பிறகும் உராய்வே பிடித்துவைத்துக்கொள்ளும். எஃகின்மேல் எஃகு என்றால் சரிவின் கோணம் நடு அச்சிலிருந்து எட்டு டிகிரிக்குள் இருந்தால் போதும், தானாகக் கழலாது. 1860-களில் ஸ்டீபன் மோர்ஸ் என்ற அமெரிக்கர் துளைக்கும் கருவிகளுக்கு அமைத்த கூம்பும் இதே வித்தைதான். இன்றும் லேத் பட்டறைகளில் பெரிய டிரில்களை மெஷினில் தட்டிப் பொருத்துகிறார்கள். கழற்றும்போது பக்கவாட்டுத் துளையில் ஆப்பு வைத்து ஒரு தட்டு.

பம்பின் சக்கரத்துக்கு அந்த ஆப்பின் வேலையைப் புல்லர் செய்கிறது. இரண்டு மூன்று கால்கள் சக்கரத்தைப் பிடிக்க, நடுத் திருகு தண்டின் முனையில் அழுத்தும். தெரிந்தவர்கள் திருகை ஒரு அளவுக்கு இறுக்கிவிட்டு நிறுத்துவார்கள். பிறகு அந்தத் திருகின் தலையில் சுத்தியலால் ஒரே ஒரு அடி. முன்பே இழுவையில் நிற்கும் பிடிப்பு, அதிர்வு கடந்துபோகும் அந்தக் கணத்தில் தளரும். தளர்ந்ததும் சரிவே சக்கரத்தை வெளியே தள்ளிவிடும். "டொக்" என்று சக்கரம் துள்ளும். அதனால்தான் நட்டை முழுதாகக் கழற்றாமல் நாலு மரையில் விட்டுவைப்பது. இல்லாவிட்டால் துள்ளிய சக்கரம் காலில் விழும். இதற்கெல்லாம் முன்னால் பம்பின் விளிம்பிலும் எஞ்சினிலும் ஒரே கோடாகக் கீறி அடையாளம் வைத்திருக்க வேண்டும். அது தவறினால் டைமிங் போய், புது பம்பு போட்டும் வண்டி புகை கக்கும்.

புல்லர் இல்லாத இடத்தில் தண்டையே நேராகச் சுத்தியலால் அடிப்பவர்கள் உண்டு. பம்புக்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்தால் அடிக்க மனம் வராது. மெக்கானிக்குகள் இன்றும் மைக்கோ பம்பு என்றே சொல்கிறார்கள். 1951-ல் தொடங்கி, 2008-ல் பாஷ் என்று பெயர் மாறிய நிறுவனத்தின் தயாரிப்பு. அதற்குள் உள்ள உந்துதண்டுக்கும் அதன் உருளைக்கும் இடையிலான இடைவெளி மில்லிமீட்டரில் ஆயிரத்தில் இரண்டு மூன்று பங்கு. அந்த இடுக்கை அடைக்க ரப்பர் இல்லை, வளையம் இல்லை. டீசலின் படலமே அடைப்பு, அதுவே மசகு. ஜோடி ஜோடியாகச் சேர்த்துத் தேய்த்தவை என்பதால் ஒன்றின் தண்டை இன்னொன்றின் உருளையில் போட முடியாது. டீசலில் தண்ணீர் கலந்து நாலு மாதம் நின்ற வண்டியில் இந்த ஜோடியே துருப்பிடித்து ஒட்டிக்கொள்ளும். பம்பையே மாற்றும்படி ஆவது பல சமயம் அதனால்தான்.

கார்புரேட்டர் காலத்துப் பெட்ரோல் வண்டிகளில் சிக்கல் வேறு மாதிரி. அங்கே பம்பு சின்னது, இரண்டு போல்ட் மட்டும். எஞ்சினின் கேம் தண்டிலுள்ள புடைப்பு ஒன்று, நேராகவோ ஒரு சிறு கம்பியின் வழியாகவோ, பம்பின் நெம்புகோலைத் தள்ளும். எஞ்சின் நின்ற நேரத்தில் அந்தப் புடைப்பு பம்பை நோக்கி நின்றுவிட்டால், புது பம்பு முழுதாக உட்காராது, அரை அங்குலம் துருத்திக்கொண்டு நிற்கும். போல்ட்டை இறுக்கியே உட்காரவைக்கப் பார்த்தால் அலுமினிய விளிம்பு வெடிக்கும். எஞ்சினை ஒரு சுற்று கையால் திருப்பிவிட்டால் போதும், விரலால் தள்ளியே உட்காரவைக்கலாம். பழைய பம்பு போல்ட் கழன்றும் பிரிய மறுப்பதற்கு இன்னொரு காரணம் பேக்கிங்கும் எண்ணெய்ப் படலமும். தட்டையான இரண்டு பரப்புகளுக்கு நடுவில் மெல்லிய திரவம் இருந்தால், நேராக இழுத்துப் பிரிக்கப் பெரும் விசை வேண்டும். பிரியும் இடத்துக்குள் திரவம் ஓடிவர நேரம் எடுப்பதே காரணம். யோசப் ஸ்டெஃபான் 1874-ல் இதைக் கணக்கிட்டுக் காட்டினார். பக்கவாட்டில் திருகினால் அதே பரப்புகள் வழுக்கிக்கொண்டு வந்துவிடும்.

இந்த வகை வண்டிகளில் பம்பு கெடாமலே பம்பு மாற்றியவர்களும் இருக்கிறார்கள். மலை ஏறும் வழியில் எஞ்சின் சூடு, மேலே போகப் போகக் காற்றழுத்தம் குறைவு. 4,000 அடியில் எட்டில் ஒரு பங்கு போய்விடும். பெட்ரோலின் லேசான பகுதிகள் நாற்பது டிகிரிக்குள்ளேயே கொதிக்கத் தொடங்குபவை. பம்பு உறிஞ்ச உறிஞ்ச குழாயில் ஆவி நிரம்பி, வண்டி நின்றுவிடும். ஈரத்துணியைப் பம்பின்மேல் சுற்றிக் கால் மணி நேரம் காத்திருந்தால் ஓடும். இன்றைய கார்களில் பம்பு டேங்க்குக்குள்ளேயே மூழ்கியிருக்கிறது. உறிஞ்சாமல் அழுத்தித் தள்ளுவதால் இந்தத் தொல்லை பெரும்பாலும் தீர்ந்தது.

அதற்குப் பதில் புதுத் தொல்லை வந்திருக்கிறது. பல கார்களில் பின்சீட்டுக்கு அடியில் மூடியைத் திறந்தால், பம்பைப் பிடித்திருக்கும் பெரிய வளையம் புழுதி அப்பி இறுகிக் கிடக்கும். அதைத் தட்டிக் கழற்ற இரும்பு உளி கூடாது, தீப்பொறி வரும். பித்தளைக் கம்பியோ மரக்கட்டையோ போதும். வளையத்துக்கு அடியிலுள்ள ரப்பர் ஓரிங்தான் வேடிக்கை. வெளியே எடுத்ததும் அது மறுபடி தன் பள்ளத்தில் உட்காராது, இரண்டு விரல் அகலம் கூடுதலாக நிற்கும். ரப்பரின் நீண்ட மூலக்கூறுகளுக்கு நடுவே பெட்ரோல் புகுந்து அதை உப்ப வைத்திருக்கிறது. சில ரப்பர் வகைகளில் எத்தனால் கலந்த பெட்ரோல் இன்னும் உப்ப வைக்கும். மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயபாளையத்திலும் சர்க்கரை ஆலைகள் உள்ள கரும்பு மாவட்டம் இது. கரும்புப் பாகின் கழிவிலிருந்தும் எத்தனால் வடிக்கிறார்கள், அது நாடு முழுக்க இருபது சதவீதம் வரை பெட்ரோலில் கலக்கிறது. உப்பிய ஓரிங்கை நிழலில் காயவைத்தால், புகுந்தது ஆவியாகி, பழைய அளவுக்குச் சுருங்கும். ஆனாலும் புது ஓரிங் போடுவதே நல்லது, விலை ஒன்றும் பெரிதில்லை.

திரும்பப் பூட்டும்போது போல்ட் மரையில் கொஞ்சம் காப்பர் கிரீஸ் தடவலாம். தடவினால் இறுக்கும் முறுக்கைக் குறைத்துக்கொள்ள வேண்டும். உராய்வு தின்ற பங்கு குறைந்துவிட்டதால் அதே பத்து கிலோ இப்போது போல்ட்டை அதிகம் நீட்டிவிடும். கூம்புத் தண்டில் மட்டும் எதுவும் தடவக் கூடாது. துடைத்து உலர வைத்து ஏற்றினால்தான் அது பிடிக்கும்.

எல்லாம் பூட்டி முடிந்த டீசல் வண்டி முதல் சாவிக்குக் கிளம்பாது. குழாய்களில் காற்று சிக்கியிருக்கும். பம்பு தள்ளும் விசையைக் காற்று சுருங்கியே விழுங்கிவிடும், டீசல் நாசிலைத் தாண்டாது. ஃபில்டர் மேலுள்ள போல்ட்டை அரைச் சுற்றுத் தளர்த்திவிட்டுக் கைப்பம்பை அடிப்பார்கள். முதலில் நுரை, பிறகு குமிழி, பிறகு வெறும் டீசல். ஒருவர் அடித்துக்கொண்டிருக்கும்போதே இன்னொருவர் போல்ட்டை இறுக்க வேண்டும். அடிப்பதை நிறுத்திவிட்டு இறுக்கினால் காற்று மறுபடி உள்ளே போய்விடும், முதலிலிருந்து அடிக்க வேண்டியதுதான்.